முதல் பனிச்சிகரம்: நெல்லையிலிருந்து கிளம்புபவருக்கு நான்கில் எது?

"அண்ணாச்சி, பனிமலை ஒண்ணு ஏறணும். கயித்துல தொங்குறதெல்லாம் நமக்கு ஆகாது. நடந்தே ஏறுற மாதிரி எது இருக்கு?"

பொதிகை ஏறிவிட்டு வந்தவர்கள்தான் இதைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேரளத்துப் போனக்காட்டிலிருந்து அகத்தியர் மலைக்கு நடந்து, 1,868 மீட்டர் உச்சியில் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கினால் அடுத்தது என்ன என்று கால் கேட்கத்தான் செய்யும். கூடவே நான்கு பெயர்களைக் கொண்டு வருவார்கள்: மணாலியில் பிரெண்ட்ஷிப், இமாசலத்து லாகுலில் யூனாம், லடாக்கில் காங் யாட்சே 2, ஆப்பிரிக்காவில் கிளிமாஞ்சாரோ. எதில் பணத்தைப் போடுவது என்பதில் மாதக்கணக்கில் முடிவே எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு.

ஐந்தாவதாக ஸ்டோக் காங்ரியைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 6,153 மீட்டர், லே நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது, ஒரு காலத்தில் எல்லோரும் முதலில் போன மலை. கூட்டம் தாங்காமல் பனியாறு கெட்டு, குடிக்கவும் வயலுக்கும் அந்தத் தண்ணீரையே நம்பியிருக்கும் ஸ்டோக் கிராமத்தார் 2020-ல் ஏற்றத்தை நிறுத்திவிட்டார்கள். யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் பார்ப்பது உயரம், அப்புறம் விலை. நான் முதலில் பார்ப்பது ராத்திரிகளை. 3,000 மீட்டருக்கு மேலே எத்தனை இரவு தூங்க வைத்து உச்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் கணக்கு.

காரணம் இதுதான். நெல்லை கடல்மட்டத்திலிருந்து சுமார் ஐம்பது மீட்டர் உயரத்தில் கிடக்கிற ஊர். 5,500 மீட்டருக்குப் போனால் காற்றழுத்தம் இங்கிருப்பதில் பாதி. உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும், அதை அவசரப்படுத்த வழியில்லை. மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்காதே; மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இரு. பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். தூங்கும் இடம்தான் முக்கியம்.

உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். யூனாம் அடிவாரத்துப் பரத்பூர் கூடாரத்தில் கபடி ஆடும் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இரவு முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் படுக்கையில் தொப்பை விழுந்த வங்கிக்காரர் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார். வலுவான ஆளுக்கு ஆபத்து சற்று அதிகம் என்றுகூடச் சொல்வேன். வேகமாக ஏறிவிடுவான், தலைவலியை வெளியே சொல்ல வெட்கப்படுவான்.

மற்ற அளவுகோல்கள்: விடுப்பு எந்த மாதம் கிடைக்கும், மொத்தச் செலவு, உடம்பு கெட்டால் கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும், கடைசியாக "தொழில்நுட்பம் தேவையில்லை" என்ற விளம்பரம் எந்த அளவுக்கு உண்மை.

| | பிரெண்ட்ஷிப் | யூனாம் | காங் யாட்சே 2 | கிளிமாஞ்சாரோ |
|---|---|---|---|---|
| உயரம் (மீட்டர்) | 5,289 | 6,111 | 6,250 | 5,895 |
| நல்ல காலம் | மே–ஜூன், செப்டம்பர்–அக்டோபர் | ஜூலை–செப்டம்பர் | ஜூலை–செப்டம்பர் பாதி | ஜனவரி–மார்ச் தொடக்கம், ஜூன்–அக்டோபர் |
| நெல்லையிலிருந்து போய்த் திரும்ப (விமானத்தில்) | 10–12 நாள் | 11–13 நாள் | 14–17 நாள் | 12–14 நாள் |
| உச்சிக்கு முன் 3,000-க்கு மேல் இரவுகள் | 3–4 | 4–5 | 8–10 | 5 (எட்டு நாள் பாதையில்) |
| நிறுவனக் கட்டணம், சுமாராக | 15–30 ஆயிரம் ரூபாய் | 25–45 ஆயிரம் ரூபாய் | 40–75 ஆயிரம் ரூபாய் | 1,800–2,800 டாலர் |
| கிராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முள்), பனிக்கோடரி | கட்டாயம் | பனியைப் பொறுத்து | கட்டாயம் | வேண்டாம் |

## பிரெண்ட்ஷிப்: குறைந்த செலவு, நிறையப் பனி

மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்கு வழியாகப் போகிற மலை. உயரம் குறைவு என்பதால் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். நான்கில் பனிமேல் அதிக நேரம் நடப்பது இதில்தான். மேல்பகுதியில் பனிப்பிளவுகள் உண்டு, பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. கயிற்றில் ஒருவரையொருவர் பிணைத்துக்கொண்டு போகவேண்டிய இடங்கள் வரும். கடைசிக் கூடாரம் 3,800 மீட்டரை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஒரே மூச்சில் ஏறி இறங்கவேண்டும். நள்ளிரவில் கிளம்பினால் திரும்பிவர மாலை ஆகிவிடும்.

நல்லது என்னவென்றால், மே மாதத்தில் போகலாம். நம் பக்கத்து ஆசிரியர்களுக்கு இந்த மலை மட்டுமே விடுமுறையோடு பொருந்தும். பிசான நெல்லை அறுத்து முடித்துக் கார் பருவ நடவுக்கு முன்னால் கையில் நாள் இருக்கும் விவசாயிக்கும் இதுதான் தோது. உடம்பு கெட்டால் சில மணி நேரத்தில் மணாலி மருத்துவமனைக்கு வந்துவிடலாம். உச்சி தொடாமல் திரும்பினாலும் நட்டம் குறைவு. பனியில் கால்வைக்கப் படித்துக்கொண்டு வந்த கணக்கு.

## யூனாம்: ரோட்டோரத்து ஆறாயிரம்

"ஒரு வாரத்துல ஆறாயிரம் மீட்டராமே அண்ணாச்சி?" என்று கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான். மணாலி–லே நெடுஞ்சாலையில் பாரலாச்சா கணவாயைத் தாண்டினால் பரத்பூர். வண்டியை விட்டு இறங்கினால் மலை எதிரே நிற்கும். கழுதை, குதிரை, பல நாள் நடை எதுவும் கிடையாது. பெரும்பகுதி உதிரிக் கல்லும் சரளையும்தான். கயிறு வேலை குறைவு. "நடந்தே ஏறுற மாதிரி" என்று கேட்டவருக்கு இது ரொம்பச் சரியான பதிலாகத் தெரியும்.

சிக்கலும் அந்த ரோட்டில்தான் இருக்கிறது. மணாலி 2,050 மீட்டர். முன்பெல்லாம் ரோஹ்தாங் கணவாய் ஏறி இறங்கிப் போகவேண்டியிருந்ததால் நேரமும் எடுத்தது, உடம்புக்கும் கொஞ்சம் முன்னோட்டம் கிடைத்தது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் காலையில் மணாலியில் காப்பி குடித்தவர் மதியச் சாப்பாட்டுக்கு ஜிஸ்பாவில் இருக்கலாம். ஜிஸ்பா 3,200 மீட்டரை ஒட்டிய ஊர். மறுநாள் நேரே பரத்பூர் என்றால் ஒரே தாவலில் 1,500 மீட்டர். மேலே சொன்ன 500 மீட்டர் விதிக்கு மூன்று மடங்கு. விலை மலிவான பயணத்திட்டங்கள் இப்படித்தான் போடப்படுகின்றன. குறைந்த விலை என்றால் குறைந்த நாள், குறைந்த நாள் என்றால் தலைவலி.

இன்னொன்றை வரைபடம் பார்க்காதவர்கள் கவனிப்பதில்லை. பரத்பூர், பாரலாச்சா கணவாய்க்கு லே பக்கம் இருக்கிறது. உடம்பு கெட்டவரை மணாலிப் பக்கம் கொண்டுபோக, முதலில் 4,890 மீட்டர் கணவாய்க்கு ஏற்றித்தான் அப்புறம் இறக்கமுடியும். வண்டி இருந்தால் அது சில நிமிட வேலை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வண்டி நிற்கிறதா, ஓட்டுநர் அங்கேயே தூங்குகிறாரா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்கவேண்டும். மாவட்ட மருத்துவமனை கேலாங்கில்.

யூனாமைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஜிஸ்பாவில் இரண்டு இரவு, கணவாய்க்கு முன்னால் வரும் சிங்சிங்பார் பக்கம் ஓர் இரவு, பரத்பூரில் இரண்டு மூன்று இரவு என்று நீட்டிப் போடும் ஆட்களோடு போனால் நல்ல மலை. அப்படிப் போட்டால் விலையும் நாளும் காங் யாட்சேக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு எதற்கு யூனாம் என்ற கேள்வி வரும். மூட்டு வலியால் பல நாள் நடக்கமுடியாதவர், கூட வருபவரை ரோட்டோரக் கூடாரத்தில் விட்டுவிட்டு ஏற விரும்புபவர், இவர்களுக்குத்தான்.

## காங் யாட்சே 2: நாள் இருப்பவருக்கு

என் ஓட்டு இதற்குத்தான், ஒளிப்பானேன்.

டெல்லியிலிருந்து விமானத்தில் லே. ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டருக்குத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்பதால் முதல் இரண்டு நாள் கடைத்தெருவுக்குப் போய்வருவதைத் தவிர ஒன்றும் செய்யக்கூடாது. அப்புறம் மார்க்கா பள்ளத்தாக்கு: ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் என்று ஊர் ஊராக நடந்து, மெல்ல மெல்ல உயர்ந்து, 4,800 மீட்டர் பக்கம் நிமாலிங் புல்வெளி. அதற்கும் மேலே 5,000-ஐத் தாண்டிய இடத்தில் கடைசிக் கூடாரம். ஒரு வாரம் நடந்தபின் உடம்பு தானாகப் பழகியிருக்கும். ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும், பசிக்கும். உச்சிக்குப் போகும் இரவில் இந்த வித்தியாசம் தெரியும்.

எளிது என்று சொல்லிவிட முடியாது. கடைசிக் கூடாரத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே செங்குத்தான பனிச்சரிவு. கிராம்பான் மாட்டி, கயிற்றில் பிணைந்துதான் போகவேண்டும். ஒரு நாள் அதற்கான பயிற்சிக்கு ஒதுக்காத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். பெயரிலும் கவனம் வேண்டும்: பக்கத்தில் நிற்கும் காங் யாட்சே 1, 6,400 மீட்டர், அது பழகிய மலையேறிகளுக்கானது.

இதிலும் ஒரு குறுக்குவழி வந்துவிட்டது. மார்க்கா பள்ளத்தாக்கைச் சுற்றாமல் சோக்தோ பக்கத்திலிருந்து கோங்மாரு கணவாய் ஏறி நேரே நிமாலிங் போய், மூன்று நான்கு நாளை மிச்சம்பிடிக்கும் திட்டம். நாள் மிச்சம், பணம் மிச்சம், ராத்திரிகளும் மிச்சம். அதற்கு யூனாமே மேல். அங்கே வண்டியாவது நிற்கும்.

இறங்குவதுதான் இதன் பலவீனம். நிமாலிங்கில் ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு பக்கம் 5,260 மீட்டர் கணவாய், மறுபக்கம் நீண்ட பள்ளத்தாக்கு. குதிரைதான் வண்டி. ஹெலிகாப்டரை நம்பித் திட்டம் போடக்கூடாது. வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், அதுவும் பள்ளத்தாக்குக்குள் போனால் அநேகமாகக் கிடைக்காது. உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன் கொண்டுபோவது சட்டவிரோதம். ஆகவே வழிகாட்டி எப்படித் தகவல் அனுப்புவார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

## கிளிமாஞ்சாரோ: பணத்தால் குறைக்கமுடிந்த கஷ்டம்

பனிக்கோடரி வேண்டாம், கயிறு வேண்டாம், நல்ல பாதை. சமையல்காரர், சுமைக்காரர், வழிகாட்டி என்று ஒரு படையே கூட வரும். 1991-லிருந்து வழிகாட்டி இல்லாமல் ஏறமுடியாது. நான்கில் தொழில்நுட்பம் உண்மையாகவே தேவைப்படாத மலை இது ஒன்றுதான்.

ஆனால் பாதையைத் தேர்ந்தெடுப்பதில் மறுபடி அதே ராத்திரிக் கணக்கு. மராங்கு வழியாக ஐந்து நாளில் போவது மலிவு, குடிசைகளில் படுக்கை உண்டு, மழை நனைக்காது. அதில்தான் பலர் தலைவலியோடு திரும்புகிறார்கள். லெமோஷோ பாதை எட்டு நாள். மச்சாமே ஏழு நாள் என்றால் பரவாயில்லை. ஆறு நாள் என்றால் வேண்டாம். கடைசி முகாமான பராஃபு 4,673 மீட்டர். அங்கிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியும்போது உச்சி. அப்புறம் அதே நாளில் 3,100 மீட்டருக்கு இறக்கம், முட்டி கழன்றுவிடும்.

விலையை இப்படிச் சரிபாருங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் நாளுக்கு 70 டாலர், கூடாரம் போட இரவுக்கு 50 டாலர், அதன்மேல் வரி. எட்டு நாளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் அரசாங்கத்துக்கே போய்விடும். மீதியில் சாப்பாடும், வண்டியும், ஒரு ஆளுக்கு மூன்று நான்கு சுமைக்காரர்களின் கூலியும் அடங்கவேண்டும். எட்டு நாளை 1,300 டாலருக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் யார் வயிற்றில் அடிக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்குமேல் வரும் செலவுகள்: விசா 50 டாலர். பணியாளர்களுக்கு அன்பளிப்பு 200 முதல் 300 டாலர். பெயர்தான் அன்பளிப்பு, கொடுத்தே ஆகவேண்டும். எத்தியோப்பியா, கென்யா வழியாக நீண்ட நேரம் தங்கிப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். இந்திய நிறுவனம் வழியாகத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போய்விடும்.

அரையாண்டு விடுமுறையில் போய்வரலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்த ஒன்பது பத்து நாள் போதாது, மேலே சொந்த விடுப்புப் போடவேண்டியிருக்கும்.

## எந்த மலைக்கும் வரும் மறைமுகச் செலவு

போக்குவரத்துதான் முதலில். திருக்குறள் எக்ஸ்பிரஸ் நெல்லை வழியாக டெல்லி நிஜாமுதீன் வரை போகிறது, மலிவு. ஆனால் போகவர நான்கைந்து நாள் ரயிலிலேயே கழியும். அந்த நாட்களை மலையில் கூடுதல் இரவாக மாற்ற விமானக் கட்டணம் கொடுப்பது என் கணக்கில் லாபம். தூத்துக்குடியிலிருந்து சென்னை வழியாகவும் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு நேர் விமானம் பல சமயம் மலிவாக அமையும். திரும்பும் டிக்கெட்டில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். லேயில் மேகம் மூடினால் விமானம் ரத்து, மணாலியில் மண் சரிந்தால் பஸ் ரத்து.

காப்பீட்டில் உயர வரம்பைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் 6,000 மீட்டருக்குக் கீழேயே நின்றுவிடும், சிலது அதற்கும் வெகு கீழே. யூனாமும் காங் யாட்சேயும் அந்தக் கோட்டுக்கு வெளியே விழும்.

காலணி, தூக்கப்பை, பஞ்சுக் கோட்டு எல்லாம் மணாலியிலும் லேயிலும் கிளிமாஞ்சாரோ அடிவாரத்து மோஷியிலும் வாடகைக்குக் கிடைக்கும். நம்மூரில் இவற்றை வாங்கினால் அப்புறம் பரணில்தான் கிடக்கும். உள்ளாடையும் கையுறையும் மட்டும் சொந்தமாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோங்கள். பரத்பூர் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் வைத்த சோறு நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும், வாய்க்கு ஏதாவது சுருக்கென்று வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் சட்டைக்குள் வையுங்கள். பையில் வைத்தால் உச்சியில் கல்லாகியிருக்கும், பல்தான் போகும்.

மருத்துவரிடம் ஒரு நடை போய்வருவதும் செலவுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் கட்டாயம். இன்சுலின் உறையவிடக்கூடாது. அசிட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழக உதவும், தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் இரண்டு வேளை. ஆனால் சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும், நண்பர் கொடுத்தார் என்று போடக்கூடாது. தலைவலியோடு நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையைத் தேடாமல் அந்த நிமிடமே கீழே இறங்கவேண்டும்.

## பயிற்சி எங்கே

உயரத்துக்குப் பழக நம் பக்கம் இடமே கிடையாது. தமிழ்நாட்டில் உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். ஊட்டியில் ஒரு வாரம் தங்கினால் உடம்புக்கு நல்லது, காங் யாட்சேக்கு ஒன்றுமில்லை. மூச்சுத்திணற வைக்கும் முகமூடி விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

காலுக்கு மட்டும் இங்கே நிறைய வேலை இருக்கிறது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடலாம். பண்பொழி திருமலைக் கோயில் படிகளில் பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்கி ஏறலாம். திருக்குறுங்குடி நம்பி கோயிலுக்கு நடக்கலாம். நாள் முழுக்க நடக்கச் சதுரகிரி. பொதிகைக்குக் கேரள வனத்துறை அனுமதி ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். இறங்கும்போது கவனம் வையுங்கள், மலையில் முட்டி போவது இறக்கத்தில்தான்.

## யாருக்கு எது

பதினாறு நாள் விடுப்பு ஜூலை, ஆகஸ்டில் கிடைக்குமானால் யோசிக்கவே வேண்டாம், மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகக் காங் யாட்சே 2. மே மாதம் மட்டும்தான் என்றால் பிரெண்ட்ஷிப். பனியையே பார்த்திராதவர் முந்தைய குளிர்காலத்தில் உத்தரகாண்டில் கேதார்காந்தா போன்ற 3,800 மீட்டர் நடை ஒன்று போய்வந்தால் நல்லது. ஐம்பதைத் தாண்டியவர், குளிருக்கும் கயிற்றுக்கும் அஞ்சுபவர், பணம் இருப்பவர்: கிளிமாஞ்சாரோ, எட்டு நாள் பாதை. இந்தி தெரியாத ஒருவருக்கும் இதில் ஒரு வசதி உண்டு. வழிகாட்டிகள் ஆங்கிலம் பேசுவார்கள். எங்கே வலிக்கிறது என்று அரைகுறை இந்தியில் சொல்லித் தடுமாறவேண்டாம். பத்து நாள்தான் இருக்கிறது, ஆனால் ஆறாயிரம் வேண்டும் என்பவருக்கு யூனாமைக் காட்டமாட்டேன். இந்த வருடம் பிரெண்ட்ஷிப் போய்விட்டு விடுப்பைச் சேர்த்து வையுங்கள் என்பேன்.

கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நான்குமே வேண்டாம். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்திலோ, டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ, மணாலியில் இருக்கும் அரசு நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி வகுப்பு ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கிறது. கயிறு, பனி, பாறை எல்லாம் சொல்லிக்கொடுத்து மலையிலும் ஏற்றிவிடுகிறார்கள். தனியார் நிறுவனத்துக்கு ஒரு சிகரத்துக்குக் கட்டும் பணத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அடுத்த வருட வகுப்புக்கு இந்த வருடமே விண்ணப்பித்துவிட வேண்டும்.